சுத்தியல் விலையும் கைக்கு வந்த விலையும்

மாதுங்காவில் பெரியப்பா குடியிருந்த கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டப் போவது உறுதியானபோது மாற்று வீடு, வாடகை, சாமான் ஏற்றும் லாரி என்று எல்லாவற்றுக்கும் பில்டரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. காம்பவுண்டு மூலையில் தார்ப்பாய்க்குள் நின்ற 1957 ஃபியட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை. பெரியப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. செம்பூரில் அக்கா வீட்டில் இருக்கிற ஒரே பார்க்கிங்கில் அத்திம்பேரின் கார் நிற்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து அண்ணா வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கீழே இரண்டே சொல்: "ஏலத்துல விடலாம்."

வீடியோ 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நடந்த விற்பனை பற்றியது. மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. ஏலத்தில் ஒரு காருக்கு அதற்கு முன் அவ்வளவு விலை கிடைத்ததே இல்லை. ஆனால் அந்த மாடலில் உலகத்திலேயே இரண்டு வண்டிதான். விற்றது மெர்சிடிஸ் நிறுவனமே. தன் மியூசியத்துக்குள், அழைப்பு வைத்துக் கூப்பிட்ட ஆட்களிடம். எங்கள் ஃபியட்டுக்கும் அதற்கும் ஒற்றுமை நாலு சக்கரம் மட்டும்தான். இருந்தாலும் இந்த மாதிரி வீடியோக்கள் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு வேலையைச் செய்துவிடுகின்றன. யாருக்கும் விலை தெரியாத ஒரு பொருளுக்கு வீட்டில் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு விலையை மனதில் வைத்துக்கொள்கிறார்கள்.

மும்பைக்காரர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டாம். உருண்டையான முதுகு, பின்பக்கம் கீல் வைத்த முன்கதவு, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், 1089 சி.சி. இன்ஜின். மராத்தியில் 'டுக்கர் ஃபியட்' என்பார்கள்; டுக்கர் என்றால் பன்றி. குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இதன் வழிவந்த பத்மினிதான் இந்த ஊரின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடி, 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு சாலையை விட்டு விலகியது. கடைசி டாக்சிக்கு விடைகொடுத்த செய்தி வந்த நாட்களில் எல்லாருக்கும் ஃபியட் மேல் பாசம் பொங்கியது. பாசம் பொங்கினால் விலை ஏறும் என்று அண்ணா நினைத்தான். நானும் கொஞ்சம் நினைத்தேன், ஒளிப்பானேன்.

இந்தியாவில் பழைய கார்களுக்கென்று முறையான ஏலம் என்பது சமீபத்தில் வளர்ந்த பழக்கம். மும்பையிலேயே கலைப்பொருள் ஏலம் நடத்தும் அஸ்டகுரு 2020இல் கார்களையும் ஆன்லைனில் ஏலம் விட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எல்லாம் வாய்வழி வியாபாரம்தான். ஒரு மெக்கானிக்குக்குத் தெரியும், அவர் இன்னொருவருக்குச் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது வந்து பானெட்டைத் திறந்து பார்ப்பார். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்தார். வண்டியை முப்பது வருஷம் பார்த்துக்கொண்ட மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், ஆண்டாப் ஹில் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. முதல் வாரமே ஓர் ஆளைக் கூட்டிவந்தார். நின்ற நிலையில், எந்தச் செலவும் செய்யாமல், 4 லட்சம். "தம்பி, வண்டிய விக்கணும்னா வித்துரு. ஏலம் கீலம்னு வேசம் கட்டிட்டு நிக்காத" என்றார். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. அடிமாட்டு விலை என்றான்.

சரி, ஏலத்தின் கணக்கைப் பார்ப்போம்.

நம் ஊரில் கோயில் புளியமரத்தை ஏலம் விட்டால் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' முடிந்ததும் கணக்கும் முடிந்தது. கார் ஏலத்தில் மூணாவது தரத்துக்குப் பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. கேட்டு முடிந்த தொகைக்குச் சுத்தியல் விலை என்று பெயர். அதை விற்றவரும் முழுதாகப் பெறுவதில்லை. வாங்கியவரும் அதோடு தப்புவதில்லை. விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் பிரீமியம் என்று இரண்டு பக்கமும் பிடித்தம் உண்டு. உலகம் முழுக்க வாங்குபவர் பிரீமியம் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் வரும். விற்பவர் கமிஷன் பேரத்துக்கு உட்பட்டது. அபூர்வமான வண்டி என்றால் கமிஷனே வேண்டாம் என்பார்கள். சாதாரண வண்டி என்றால் முழுக் கமிஷனோடு கேட்டலாக் கட்டணம், போட்டோ கட்டணம் என்று தனித்தனியாகவும் வரும். நம் நாட்டில் இந்தக் கமிஷன், பிரீமியம் இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

உதாரணத்துக்கு, சுத்தியல் விலை 10 லட்சம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம், வாங்குபவர் பிரீமியம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்குக் கமிஷன் 1,00,000, அதன் மேல் வரி 18,000, கையில் 8,82,000. வாங்குபவர் 10 லட்சத்தோடு பிரீமியம் 1,20,000, வரி 21,600 சேர்த்து 11,41,600 கட்டுகிறார். இரண்டுக்கும் நடுவில் 2,59,600 ரூபாய். வண்டியைக் கழுவக்கூட இல்லை, அதற்குள்.

'வாங்குபவர் பிரீமியம் வாங்குபவர் தலையில்தானே, எனக்கென்ன?' என்று விற்பவர் நினைப்பது இயல்பு. ஏல நிறுவனத்தின் ஆள் எங்களிடம் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஆனால் வாங்க வருகிறவர் முட்டாள் இல்லை. வண்டிக்கு மொத்தமாக 8 லட்சம் வரை போகலாம் என்று மனதில் வைத்திருப்பவர், பிரீமியத்தையும் வரியையும் கழித்துவிட்டு 7 லட்சத்தில் கையை இறக்கிவிடுவார். பிரீமியம் யார் பெயரில் எழுதப்பட்டாலும் அதில் பெரும்பங்கு விற்பவரின் விலையிலிருந்துதான் போகிறது. நேரடியாக விற்றால் அந்த 8 லட்சமும் மேசைக்கு வரும்.

இதெல்லாம் விற்றால் வரும் செலவு. விற்றாலும் விற்காவிட்டாலும் வரும் செலவு வேறு. அதுதான் எங்களைக் கடித்தது.

மூன்று வருஷம் நின்ற வண்டி ஏலத்துக்குப் போகும்போது 'ஓடும் நிலையில்' என்ற இரண்டு சொல் கேட்டலாக்கில் வர வேண்டும். அந்த இரண்டு சொல்லுக்கு அண்ணாச்சி போட்ட பட்டியல் ஒரு முழுத்தாள். பெட்ரோல் டாங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பழைய பெட்ரோல் உள்ளே கோந்து மாதிரி இறுகியிருந்தது. கார்புரேட்டர், பிரேக் சிலிண்டர், பேட்டரி, நாலு டயர், டைனமோவுக்கு வைண்டிங். டயர்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அண்ணாச்சி கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்தியதும் வறண்ட வயல் மாதிரி வெடிப்பு திறந்தது. கடைசியில் வண்டிக்குள் இருந்த கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். தரைத் தகட்டில் துரு ஓடி, ஓர் இடத்தில் காம்பவுண்டின் சிமென்ட் தெரிந்தது. கடற்காற்று ஊரில் இது எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

சமாதானத்தைக் கெடுத்தது பெரியப்பாவின் டைரி. அவர் பெட்ரோல் கணக்கு எழுதுகிறவர். தேதி, லிட்டர், கிலோமீட்டர், போன இடம். ஆஸ்திக சமாஜம், சயான் ஆஸ்பத்திரி, லோனாவ்லா. 1983இலிருந்து பத்தொன்பது டைரிகள் இருந்தன. ஏல நிறுவனத்துக்கு இதைக் காட்டியதும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி, கையெழுத்தில் வரலாறு. விலைக்கு இது பலம் என்றார்கள். நியாயம்தான். பழைய வண்டியின் விலையில் பாதி அதன் கதைக்கு. ஆனால் அதே டைரியில் 2005 ஜூலை 27 தேதியிட்டு ஒரு வரி இருந்தது: "நேற்று மழை. சீட் வரை தண்ணீர்." சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அந்த மழை.

இதைச் சொல்வதா, விடுவதா? அண்ணா 'இருபது வருஷத்துக்கு முந்தின மழையை எதுக்குச் சொல்லணும்' என்றான். விற்பவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படித்தால் பதில் கிடைக்கும். ஏல நிறுவனம் வண்டியை 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் விற்று, தரத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று விலகிக்கொள்கிறது. வண்டியின் உரிமை, அடையாள எண்கள், சொன்ன விவரங்கள் எல்லாம் சரி என்ற உறுதியை விற்பவர்தான் கொடுக்கிறார். பின்னால் பொய் என்று நிரூபணமானால் விற்பனையை ரத்துசெய்து பணத்தைத் திருப்பக் கேட்கலாம், வழக்குக்கும் போகலாம். டைரியை ஆதாரமாகக் காட்டி விலை கேட்டுவிட்டு, அதில் ஒரு பக்கத்தை மட்டும் மறைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சொன்னோம். மதிப்பீட்டில் ஒரு லட்சம் உடனே இறங்கியது.

இந்தச் செலவுகளின் இயல்பைக் கவனியுங்கள். டாங்க் கழுவ ஆகும் கூலி ரோல்ஸ் ராய்ஸுக்கும் ஃபியட்டுக்கும் பெரிதாக மாறாது. வண்டியை ஏற்றிப்போகும் ஃபிளாட்பெட் லாரிக்கு அதன் மதிப்பு தெரியாது. போட்டோகிராபருக்கும் அப்படியே. அரைக்கோடி ரூபாய் வண்டியில் ஒன்றரை லட்சம் செலவு உறைக்காது; 5 லட்சம் வண்டியில் கால்வாசிக்கு மேல் போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வது இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும்.

அப்புறம் காகிதம்.

பழைய காரின் உண்மையான சோதனை சேசிஸ் நம்பரில், அதாவது அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணில், நடக்கிறது. அண்ணாச்சி உப்புத்தாளால் துருவை நீக்கி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. எங்களுக்கு வியர்த்துவிட்டது. டைரிதான் மறுபடி காப்பாற்றியது: 1988இல் இன்ஜின் மாற்றியிருக்கிறார், குர்லாவில் வாங்கிய அதே ரக இன்ஜின். மாற்றத்தை ஆர்.டி.ஓ.வில் பதிந்தும் இருக்கிறார். பழைய புத்தகத்தின் உள்பக்கத்தில் முத்திரையோடு புது எண் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாரோ முதல் பக்கத்தை மட்டும் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். சரிசெய்ய ஏழு வாரம் ஆனது.

தமிழ்நாட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதன் பரிமாணம் சட்டென்று புரியும். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பிளைமவுத், டாட்ஜ் போன்ற பெரிய அமெரிக்க வண்டிகளில் டீசல் இன்ஜினைப் பொருத்தி டாக்சியாக ஓட்டிய காலம் உண்டு. அந்த வண்டிகள் உயிரோடு இருந்ததற்கு அந்த டீசல் இன்ஜின்தான் காரணம். இன்று ஏலத்தில் விலை போகாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். சேகரிப்பவர்கள் தேடுவது தொழிற்சாலையில் எந்த இன்ஜினோடு வெளியே வந்ததோ அதே இன்ஜினை. அரசு விதியும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை மட்டும் விண்டேஜ் என்று ஏற்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ரேலிக்கும் ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல். 'பி.எம்.' என்று தொடங்கும் பழைய பம்பாய் எண்ணுக்கே தனி மதிப்பு உண்டு.

பெரியப்பா இறந்த பிறகு வண்டி யார் பெயரில் என்பது அடுத்த முடிச்சு. இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை விற்க முடியாது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும்; மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அண்ணா அங்கே தூதரகத்தில் அட்டெஸ்ட் வாங்கி அனுப்பினான். பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்குத் தாமதக் கட்டணம் மாதம் 500 ரூபாய். புதுப்பிக்கும் கட்டணமே 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. வண்டியை மூலையில் நிறுத்தி மறந்துவிட்டவர்கள் ஒரு மாலையில் உட்கார்ந்து பெருக்கிப் பார்ப்பது நல்லது.

ஏல நாளுக்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று விற்பவர் ரகசியமாக வைக்கும் வரம்பு. ரிசர்வை ஏற்றி வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஏல நிறுவனத்துக்கு விற்றால்தான் வருமானம். அதனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை 'இந்த வண்டிக்கு எட்டு கூடப் போகும் சார்' என்பவர்கள், ஏலம் நெருங்கும்போது 'சந்தை கொஞ்சம் மந்தம், ரிசர்வை இறக்கினால் நல்லது' என்று போன் செய்வார்கள். எங்களுக்கு அந்தப் போன் நாலு நாள் முன்னால் வந்தது. அந்த நேரத்தில் விலகவும் முடியாது. ஒப்பந்தப்படி விலகினால் மதிப்பீட்டின் மேல் கமிஷன் கட்ட வேண்டும். இடையில் வேறு யாருக்கும் நேரடியாக விற்கவும் கூடாது. அண்ணாச்சி கூட்டிவந்த ஆள் அதற்குள் வேறு வண்டி வாங்கிவிட்டார்.

ரிசர்வே வைக்காமல் விடுவது இன்னொரு வழி. கூட்டம் சேரும், கேட்பு சூடுபிடிக்கும். அமெரிக்காவின் பெரிய ஏலங்களில் இது சகஜம். ஆனால் அங்கே அரங்கில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விலை ஏற வேண்டுமானால் ஒரே நாளில், ஒரே வண்டியை, இரண்டு பேராவது உறுதியாக விரும்ப வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் ரிசர்வில் நின்றுவிடுவார். ரிசர்வும் இல்லையென்றால் சொன்னதுதான் விலை. நம் ஊரில் குறிப்பிட்ட ஒரு ரகத்தை வாங்கும் ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குக் குறைவு. டெண்டரில் சிண்டிகேட் போடுவதைப் பார்த்த நாடு இது. 'இந்தத் தடவை நீ கேள், நான் வரவில்லை' என்று இரண்டு பேர் டீக்கடையில் பேசிக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் இல்லை.

பெரிய இடத்திலும் சறுக்கல் நடக்கும். 2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆர்.எம். சாதபீஸ் நடத்திய ஏலத்தில் 1939 போர்ஷே டைப் 64 மேடைக்கு வந்தது. 2 கோடி டாலருக்கு மேல் போகும் என்று எதிர்பார்த்த வண்டி. ஏலம் விட்டவர் 'தேர்ட்டீன்' என்று சொன்னதாகவும் அது 'தேர்ட்டி' என்று கேட்டதாகவும் பிறகு விளக்கம் வந்தது. திரையில் கேட்பு 3 கோடியில் தொடங்கி 4, 5, 6 என்று ஏறி 7 கோடி வரை போனது. கூட்டம் கைதட்டியது. பிறகு மேடையிலிருந்தே திருத்தினார்கள்: 7 கோடி இல்லை, 1.7 கோடி. கைதட்டல் கூச்சலாக மாறியது. வண்டி விற்காமல் திரும்பியது. தவறு விற்பவருடையது இல்லை. நஷ்டம் அவருடையது.

ஏலத்தில் விற்காமல் திரும்பிய வண்டியைப் பழைய கார் உலகத்தில் கருகிய வண்டி மாதிரிதான் பார்ப்பார்கள். காரணம் எளிது. நேரடி வியாபாரத்தில் ஒருவர் 4 லட்சம் கேட்டுவிட்டுப் போனால் அது அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். ஆன்லைன் ஏலத்தில் கடைசிக் கேட்பு இவ்வளவு, விற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்படி கிடக்கிறது. அடுத்து வருகிறவர் அங்கிருந்துதான் கீழே இறங்க ஆரம்பிப்பார்.

எங்கள் ரிசர்வ் 6 லட்சம். கேட்பு 4.4 லட்சத்தில் நின்றது. நேரில் வந்து பார்த்தவர்கள் பதினொரு பேர்; வாட்ச்மேன் ஒவ்வொருவருக்கும் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார்; பெரியம்மா பாதிப் பேருக்குக் காபி கொடுத்தார். கேட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் கதவைத் திறந்து உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சுத்தியல் விழுந்திருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. ஜெயித்தவர் பணம் கட்டாமல் இழுத்தடிப்பது உண்டு. முன்பணத்தைப் பறிமுதல் செய்தாலும் அது யாருக்குப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும். ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடமும் ஜாக்கிரதை: ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்தனுப்புவது இன்னும் ஆபத்து. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. அறுபது வருஷத்து பிரேக்கோடு ஒருவர் வண்டியை ஹைவேயில் எடுத்துப் போகும்போது இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வரி விஷயத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருளை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம் மாதிரியான சிலவற்றுக்குத்தான் விலக்கு கிடையாது. கார் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'சொந்தக் காரை விற்றால் வரி இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு சம்பளக்காரர் 1983இல் 1931 மாடல் ஃபோர்டு ஒன்றை 20,000 ரூபாய்க்கு வாங்கினார். சில வருஷத்தில் 21 லட்சத்துக்கு விற்றார். சொந்த உபயோகப் பொருள், வரி இல்லை என்றார். வருமான வரித் துறை கேட்டது: ஆபீஸுக்கு நீங்கள் போனது கம்பெனி காரில், இந்த வண்டி உங்கள் வீட்டில் நிற்கவில்லை, பராமரித்ததற்குச் செலவுக் கணக்கு எங்கே? முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்து 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கார் என்பது ஓட்டக்கூடிய பொருள் என்பது மட்டும் போதாது, நிஜமாகவே சொந்த உபயோகத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது.

நேராக வாங்கி, பாதுகாத்து, துடைத்து வைத்து, ஓட்டாமலே விற்பவர்களுக்கு இது பெரிய அடி. வண்டியைப் பொக்கிஷமாகப் பாதுகாத்தால் ஏலத்தில் விலை ஏறும். அதே காரணத்துக்காக வரியும் வரும். பெரியப்பாவின் பெட்ரோல் கணக்கை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். ஆடிட்டர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, பத்தொன்பதையும் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

சந்தை ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 1950க்கு முன் செய்த கார்களை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. மகாராஜாக்களின் வண்டிகள் கப்பல் ஏறிப் போனதைத் தடுக்க வந்த கட்டுப்பாடு, நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் விற்பவருக்கு அதனால் லண்டன் விலை கிடைக்காது. உள்ளூரிலும் கதவுகள் ஒரே மாதிரி திறப்பதில்லை. டெல்லியில் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்குத் தடை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. அதன் அமலாக்கம் பிறகு இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. 50 வயதைத் தாண்டினால் விண்டேஜ் என்ற குடை கிடைக்கும். தாண்டாத கான்டெஸாவும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 2000-மும் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கின்றன. அந்த வண்டிகளை ஏலம் விடுகிறவர் டெல்லி ஆட்களை மனக்கணக்கில் சேர்க்காமல் இருப்பது உத்தமம்.

இவ்வளவு சொன்னாலும் ஏலமே கூடாது என்று சொல்ல மாட்டேன். யாரும் விலை சொல்ல முடியாத அபூர்வ வண்டி, வாரிசுகளுக்குள் நம்பிக்கை இல்லாத குடும்பம், வெளிப்படையாக விற்றோம் என்று காட்ட வேண்டிய டிரஸ்ட், இவர்களுக்கு ஏலம் நல்ல வழி. கொடுக்கும் கமிஷன் அந்த வெளிப்படைத்தன்மைக்கான கூலி. தெருவில் பார்த்துப் பழகிய ரகம், சுமாரான நிலை, காலக்கெடுவோடு விற்க வேண்டிய கட்டாயம், இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு அது பொருந்தாது. எங்களிடம் மூன்றும் இருந்தன.

ஏலம் முடிந்த ஐந்தாவது வாரம் நாசிக்கிலிருந்து ஒருவர் வந்தார். தரைத் தகடு, கதவுக் கீல், இன்ஜின் முத்திரை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் போனைத் திறந்து ஏலப் பக்கத்தைக் காட்டினார்: 4.4 லட்சம், விற்கவில்லை. 4.25க்கு முடிந்தது. ரிப்பேர், டயர், போட்டோ, கேட்டலாக் கட்டணம், லாரி, காகித வேலை எல்லாம் சேர்த்து எங்கள் செலவு 1,46,000. மிச்சம் 2,79,000. அண்ணாச்சி முதல் வாரம் கொண்டுவந்தது 4 லட்சம். அவர் இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நாசிக்காரருக்கு சோக் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

டைரிகளையும் சேர்த்துக் கேட்டார் வாங்கியவர். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். பெயர் மாற்றம் முடிந்ததாக அக்காவின் போனுக்கு எஸ்.எம்.எஸ். வர ஒன்பது வாரம் ஆனது. வந்த அன்று காம்பவுண்டுச் சுவரில் பாதியை இடித்திருந்தார்கள்.